பாட்டில்ஸ்டார் கேலக்டிகாவின் நடிகர்கள்: அந்தத் தொடரின் துயரத்தைச் சுமந்தது யார்?

விண்வழி:

2003 டிசம்பரில் இரண்டு இரவுகள் ஒளிபரப்பான குறுந்தொடரில் தொடங்கி 2009 மார்ச்சில் முடிந்த ‘பாட்டில்ஸ்டார் கேலக்டிகா’ என்ற அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடரை அண்மையில் மறுபடியும் முழுவதுமாகப் பார்த்து முடித்தேன். இந்த இழையில் கதை முடிச்சுகள் எல்லாமே வெளிப்படையாகப் பேசப்படும். இன்னும் பார்க்காதவர்கள் தயவுசெய்து இதற்கு மேல் படிக்க வேண்டாம். மனிதர்களால் படைக்கப்பட்டு அவர்களுக்கு எதிராகவே திரும்பிய, மனித உருவிலும் வரக்கூடிய இயந்திர இனமான சைலான்களின் திட்டம் என்ன, இறுதி அத்தியாயம் பொருந்துகிறதா இல்லையா என்பவை பற்றி ரசிகர்கள் ஏராளமாக எழுதிவிட்டார்கள். நான் நடிப்பைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன்.

பன்னிரண்டு உலகங்களில் வாழ்ந்த மனித இனம் ஒரே நாளில் அழிந்துபோய், ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் மட்டும் கையில் கிடைத்த கப்பல்களில் தப்பி ஓடுகிறார்கள் என்பது கதையின் தொடக்கம். இத்தனை பெரிய இழப்பை எந்த நடிகராலும் முகத்தில் காட்டிவிட முடியாது. காட்ட முயன்றால் அது ஒப்பாரியாகத்தான் போய்ச் சேரும். இந்தத் தொடரின் நடிகர்கள் அதற்கு முயலவே இல்லை என்பதுதான் என் வியப்பு. துக்கப்படுவதற்குக்கூட நேரம் கிடைக்காத மனிதர்கள் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருப்பதை மட்டுமே அவர்கள் நடித்தார்கள்.

‘33’ என்ற அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பத்து மூன்று நிமிடங்களுக்கு ஒரு முறை எதிரி வந்து தாக்குகிறான். ஐந்து நாள்களுக்கு மேலாக யாரும் தூங்கவில்லை. அந்த அத்தியாயம் முழுவதும் நடிகர்கள் நடிப்பது களைப்பு ஒன்றைத்தான். கட்டளை அறையில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் புரிந்துகொள்ள அரை நொடி கூடுதலாகிறது. பதில் சொல்லத் திறந்த வாய் சொல் கிடைக்காமல் நிற்கிறது. எரிச்சல் எழுந்து, அதைத் தொடர வலுவில்லாமல் அடங்குகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஏறியிருந்த ஒலிம்பிக் கேரியர் கப்பலைச் சுட்டு வீழ்த்த வேண்டும் என்ற கட்டளை வரும்போது, அந்த முடிவின் பயங்கரத்தைக்கூட முழுதாக உணர முடியாத அளவுக்கு அவர்கள் களைத்திருக்கிறார்கள். அதுதான் பார்ப்பவரை நிலைகுலைய வைக்கிறது.

யாருடைய நடிப்பு இந்தத் தொடரைத் தாங்கியது என்று என்னைக் கேட்டால், கர்னல் சால் டை பாத்திரத்தில் நடித்த மைக்கேல் ஹோகன் என்பேன். காரணத்தைப் பிறகு விரிவாக எழுதுகிறேன். முதலில் உங்கள் கருத்துகளைப் படிக்க ஆசைப்படுகிறேன்.

நெய்தல்:

விண்வழி அவர்களே, வேலையை நடித்தார்கள் என்று நீங்கள் சொன்னது யாரைவிடவும் மேரி மெக்டானலுக்குத்தான் பொருந்தும் என்று நினைக்கிறேன். லாரா ரோஸ்லின் கல்வி அமைச்சர். பதவி வரிசையில் நாற்பத்து மூன்றாவது இடத்தில் இருந்தவர். அவருக்கு முன்னால் இருந்த அத்தனை பேரும் இறந்துபோனதால்தான் அவர் தலைவராகிறார். அன்று காலையில்தான் மார்பகப் புற்றுநோய் என்று மருத்துவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். ஒரு சாதாரணப் பயணக் கப்பலின் இருக்கைகளுக்கு நடுவே நின்று பதவியேற்கும் காட்சியில், உயர்த்திய கை நடுங்குகிறது. குரல் நடுங்கப் பார்த்து, பிறகு சமாளித்துக்கொள்கிறது. அழுகை தொண்டை வரை வந்ததையும் அதை அவர் விழுங்கியதையும் நாம் பார்க்கிறோம். ஆனால் அந்தச் சொற்களைச் சரியாகச் சொல்லி முடிக்க வேண்டும் என்பதில்தான் அவருடைய கவனம் முழுவதும் இருக்கிறது.

அதே குறுந்தொடரில், ஒளியை விஞ்சிப் பாயும் இயந்திரம் இல்லாத கப்பல்களைக் கைவிட்டுச் செல்ல வேண்டிய முடிவும் அவருடையது. அந்தக் கப்பல் ஒன்றில் சற்று முன்னர் அவர் பேசிவிட்டு வந்த சிறுமி இருக்கிறாள். முடிவைச் சொல்லும்போது மெக்டானல் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பள்ளி ஆசிரியையாக இருந்த ஒரு பெண் அந்தக் கணத்தில் வேறொருவராக மாறிவிடுகிறார்.

ரோஸ்லினின் மென்மையான குரலை முதலில் நம்பி, பிறகு அதைக் கண்டு அஞ்சத் தொடங்கியவள் நான். முதல் பருவத்தில், பிடிபட்ட சைலானான லியோபெனைப் போர் விமானி ஸ்டார்பக் சித்திரவதை செய்து விசாரிக்கும் அத்தியாயம் உங்களுக்கு நினைவிருக்கும். ரோஸ்லின் உள்ளே வந்து நடந்ததற்கு வருத்தம் தெரிவிக்கிறார், கட்டுகளை அவிழ்க்கச் சொல்கிறார், உயிருக்கு உறுதி தருகிறார். தகவல் கிடைத்ததும், குரலில் எந்த மாற்றமும் இல்லாமல், அவனை விண்வெளியில் தள்ளிவிடச் சொல்கிறார். கனிவையும் கொடுமையையும் ஒரே குரலில் பேச முடிந்தது அவருடைய சாதனை. நான்காவது பருவத்தில் கலகக்காரர்களை நோக்கி, கேலக்டிகா போர்க்கப்பலின் தலைவர் அடாமாவைக் கொன்றுவிட்டதாக அவர்கள் சொன்ன பிறகு, கையில் உள்ள ஒவ்வொரு ஆயுதத்தாலும் உங்களை அழிப்பேன் என்று அவர் முழங்கும் இடம் உடலை உலுக்குகிறதென்றால், அதற்கு முன் நான்கு பருவங்களாக அந்தக் குரல் அடக்கி வைக்கப்பட்டிருந்ததே காரணம்.

குன்றூரான்:

இருவரும் அடக்கத்தையே பெரிதாகப் பேசுகிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இந்தத் தொடர் என்னைப் பிடித்து உலுக்கியது அடக்கம் உடைந்த இடங்களில்தான். அவற்றில் பெரும்பாலானவை அடாமாவாக வந்த எட்வர்ட் ஜேம்ஸ் ஒல்மோஸ் நடித்தவை.

ஸ்டார்பக் இறந்துவிட்டாள் என்று அடாமா நம்பும் மூன்றாம் பருவக் காட்சியை நினைத்துப் பாருங்கள். பல அத்தியாயங்களாக அவர் பொறுமையாகச் செய்துகொண்டிருந்த பாய்மரக் கப்பல் மாதிரி மேசை மேல் இருக்கிறது. அதன் முகப்பில் பொருத்தும்படி அவள் தந்த சிறு சிலையை எடுத்துப் பொருத்துகிறார்; பிறகு கையால் அடித்து அந்தக் கப்பலையே நொறுக்குகிறார். இது திரைக்கதையில் இல்லாதது, அந்தக் கணத்தில் ஒல்மோஸ் தாமாகச் செய்தது என்பதைத் தொடரின் ரசிகர்கள் அனைவரும் அறிவார்கள். ஒத்திகை பார்த்த அழுகையால் அந்த இடத்தை நிரப்பியிருக்க முடியாது. மனிதன் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேலை கையை விட்டுப் போகும் நொடியைக் காட்டாத நடிப்பு பாதி நடிப்புதான் என்பது என் கருத்து.

தன் நீண்டகால நண்பன் டை ஒரு சைலான் என்று தெரிந்ததும் அடாமா கண்ணாடியைக் குத்தி உடைத்துத் தரையில் சரிந்து கதறும் காட்சியை மிகை நடிப்பு என்று அப்போதே பலர் குறை சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. மகன் லீ வந்து தாங்கிப் பிடிக்கும்போது, கப்பல் தலைவன் என்ற உடுப்புக்குள் இருந்த கிழவன் முதன்முறையாக நமக்குத் தெரிகிறான்.

விண்வழி:

நண்பர் குன்றூரானின் வாதம் வலுவானது. கப்பல் மாதிரியை உடைக்கும் காட்சியில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் கண்ணாடிக் காட்சியில் ஒல்மோஸ் தாமாக முன்வந்து நமக்குத் துயரத்தை விளக்கிச் சொல்வதுபோல் இருந்தது. அதே அத்தியாயத்தில் அந்த உண்மையைச் சொல்ல வந்து நிற்கும் ஹோகனைப் பாருங்கள். விறைத்த உடல், பார்வையை விலக்காத ஒற்றைக் கண். தண்டனையை எதிர்பார்த்து நிற்கும் பழைய சிப்பாயின் நேர்மை. எனக்கு அந்த முகமே போதுமானதாக இருந்தது.

ஹோகனைப் பற்றி விரிவாக எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். முதல் பருவத்தில் டை என்பவர் குடிகாரர், முன்கோபி, மனைவி எலனின் கைப்பாவை. வேறொரு நடிகராக இருந்தால் அந்தப் பாத்திரம் வெறுப்புக்கு மட்டுமே உரியதாகியிருக்கும். ஹோகன் தொடக்கம் முதலே அவரை, தன்னுடைய திறமையின் எல்லை தனக்கே தெரிந்த மனிதராக நடித்தார். அடாமா சுடப்பட்டு விழுந்து, தலைமை டையின் கைக்கு வரும் இரண்டாம் பருவத் தொடக்கத்தில், ஒவ்வொரு கட்டளையையும் தேவைக்கு மேல் உரக்கச் சொல்கிறார். சொல்லி முடித்ததும் அது சரிதானா என்று ஒரு நொடி கண் அலைகிறது. தன்மேல் நம்பிக்கையில்லாதவன் கத்தும் கத்தல் எப்படி இருக்கும் என்பதை அவ்வளவு துல்லியமாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மூன்றாவது பருவம் 2006 அக்டோபரில் தொடங்கும்போது மனிதர்கள் நியூ காப்ரிகா என்ற குளிரும் சேறும் நிறைந்த கோளில் சைலான்களின் ஆட்சிக்குக் கீழ் இருக்கிறார்கள். சிறையில் ஒரு கண்ணை இழந்து வெளியே வருகிறார் டை. எதிர்ப்புப் படையை நடத்துகிறார். மனிதக் குண்டுகளை அனுப்புகிறார். அவரை விடுவிப்பதற்காக எலன் தன் உடலைக் கொடுத்தாள், பிறகு அவரைக் காப்பாற்றுவதற்காகவே எதிர்ப்புப் படையின் இரகசியத்தையும் எதிரியிடம் கொடுத்தாள். காட்டிக்கொடுத்தவர்களுக்கு மரணம் என்பது டை தானே வகுத்த விதி. அவர் கோப்பையில் நஞ்சு கலந்து மனைவிக்குத் தருகிறார்.

அந்தக் காட்சியில் கேட் வெர்னன் எலனாக அன்போடு பேசிக்கொண்டிருக்கிறார். ஹோகன் ஏறக்குறைய எதுவும் பேசுவதில்லை. அவள் குடித்து முடிக்கும் வரை ஒரு காவலனின் கவனத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். அவளை அணைத்துக்கொள்கிறார். அவள் உடல் தளர்ந்த பிறகுதான் அவர் முகம் உடைகிறது. அதற்கும் முன்னால் அழுதிருந்தால் அவள் தெரிந்துகொண்டிருப்பாள். அவளுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதே அவர் அவளுக்குச் செய்யும் கடைசிப் பணிவிடை. நடிகர் இதைப் புரிந்துகொண்டு நடித்திருக்கிறார் என்பதுதான் முக்கியம்.

இதன் மறுபாதி அத்தியாயத்தின் இறுதியில் வருகிறது. மக்கள் மீட்கப்பட்டுக் கப்பலுக்குத் திரும்புகிறார்கள். அடாமாவைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். கூட்டத்தின் ஓரத்தில் டை வருகிறார். அவர்களை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாய் என்று அடாமா சொல்ல, எல்லாரையும் இல்லை என்று பதில் சொல்லிவிட்டு நடந்து போகிறார். வேறு ஒரு சொல் இல்லை. ஆரவாரத்தின் நடுவே அந்தப் பதில் அடாமாவைத் தவிர யாருக்கும் கேட்டிருக்காது.

கடைசிவரிசை:

ஸ்டார்பக்கை இதுவரை ஒருவரும் தனியாகப் பேசவில்லையே என்று எழுதுகிறேன். 1978இல் வந்த மூலத் தொடரில் ஸ்டார்பக் ஓர் ஆண். டர்க் பெனடிக்ட் நடித்தார். புதிய தொடரில் அந்தப் பாத்திரத்தை ஒரு பெண்ணுக்குக் கொடுத்தபோது பழைய ரசிகர்களிடையே எழுந்த எதிர்ப்பு சாதாரணமானதன்று. பெனடிக்ட்டே அதைக் கடுமையாகக் கண்டித்துக் கட்டுரை எழுதினார். அப்போது கேட்டி சாக்காஃபுக்கு இருபத்து மூன்று வயது. அந்தப் பகையை அவர் தன் நடிப்பால்தான் எதிர்கொண்டார். சுருட்டும் சீட்டாட்டமும் துடுக்கும் பழைய ஸ்டார்பக்கிடம் இருந்தவைதாம். சாக்காஃப் சேர்த்தது அவற்றின் அடியில் இருந்த தன்வெறுப்பு. தாயிடம் அடிபட்டு வளர்ந்தவள் என்பது நமக்குத் தாமதமாகவே தெரிகிறது. ஆனால் முதல் அத்தியாயத்திலிருந்தே யாராவது அன்பாகப் பேசினால் அவள் உடல் ஓர் அங்குலம் பின்வாங்குவதைக் கவனிக்கலாம்.

மூன்றாம் பருவத்தின் குத்துச்சண்டை அத்தியாயத்தில் அவளும் லீயும் ஒருவரையொருவர் அடித்துக் களைத்து, கடைசியில் நிற்க வலுவில்லாமல் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிற்பார்கள். காதல், துரோகம், மன்னிப்பு எல்லாம் அந்தக் களைப்பில் இருக்கிறது.

எதிர்ப்பைப் பற்றிப் பேசும்போது ரிச்சர்ட் ஹேட்ச்சையும் சொல்ல வேண்டும். பழைய தொடரில் அப்பல்லோவாக நடித்த அவர், அதே கதையைத் தொடர வேண்டும் என்பதற்காக 1999இல் தாமே ஒரு முன்னோட்டப் படம் எடுத்தவர். புதிய தொடரை முதலில் எதிர்த்தார். பிறகு அதிலேயே டாம் சாரெக் என்ற அரசியல் கைதியாக வந்து, நாயக முகத்தை முழுவதும் கழற்றி வைத்துவிட்டு நடித்தார். 2017இல் அவர் மறைந்தபோது, பழைய தொடரின் ரசிகர்களும் புதியதன் ரசிகர்களும் சேர்ந்தே துக்கப்பட்டார்கள்.

தாழ்வாரம்:

எல்லாரும் முன்வரிசைப் பாத்திரங்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். இந்தத் தொடரின் இருட்டை நான் முழுமையாக உணர்ந்தது, பின்னணியில் நின்ற இருவரால். கட்டளை அறையில் திரைகளைப் பார்த்து எண்களைச் சொல்லிக்கொண்டிருந்த ஃபீலிக்ஸ் கேய்ட்டா. தகவல் தொடர்பைக் கவனித்த டுவாலா. நடித்தவர்கள் அலெசாண்ட்ரோ ஜூலியானி, கேண்டிஸ் மெக்ளூர்.

கேய்ட்டாவின் வீழ்ச்சியை முழுதாகச் சொல்ல வேண்டும். அவன் நல்லவன், திறமைசாலி, விஞ்ஞானி பால்டாரின் அறிவை வணங்கியவன். நியூ காப்ரிகாவில் பால்டாரின் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டே எதிர்ப்புப் படைக்கு இரகசியத் தகவல் அனுப்பினான். ஒரு நாயின் உணவுக் கிண்ணத்தைத் திருப்பி வைப்பதுதான் அவனுடைய அடையாளக் குறி. அது யாருக்கும் தெரியாது. மீண்டு வந்ததும், துரோகி என்று சொல்லி அவனுடைய தோழர்களே அவனை விண்வெளியில் தள்ளுவதற்காக மண்டியிட வைக்கிறார்கள். அப்போது ஜூலியானி மன்றாடுவதில்லை. தான் செய்தவற்றைச் சொல்கிறான். அதை யாரும் நம்பப் போவதில்லை என்பது தெரிந்தும் சொல்கிறான். கிண்ணம் என்ற சொல்லைக் கேட்டு, எதிர்ப்புப் படையில் இருந்த டைரல் அவனை விடுவிக்கிறார். உயிர் பிழைத்துவிட்டான், ஆனால் அதன் பிறகு நகைத்தாலும் பேசினாலும் அவன் முகத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொண்டுவிட்டது. ஒருவரும் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதை எழுத்தாளர்கள் வசனமாக எழுதவில்லை. ஜூலியானி அதைச் சுமந்துகொண்டு நடந்தார்.

நான்காவது பருவத்தில் காலில் சுடப்பட்டு, காலை எடுத்துவிடுகிறார்கள். மருத்துவ அறையில் படுத்தபடி பாடுகிறான். ஜூலியானி முறையாக ஓபரா பயின்றவர். தொடரின் இசையமைப்பாளர் பேர் மெக்ரீரி அந்தப் பாடலை அவருக்காகவே அமைத்தார். அழகான குரலில் பாடியும் அதில் அழகைக் காட்டிக்கொள்ளும் எண்ணம் துளியும் இல்லை; வலியை ஒதுக்கி வைப்பதற்காக ஒருவன் தனக்குள்ளேயே பாடிக்கொள்வதுபோல் இருக்கிறது.

அவன் தலைமை தாங்கிய கலகம் தோற்கிறது. சுடப்படுவதற்கு முன் பால்டாருடன் உட்கார்ந்து, சிறுவயதில் தான் கட்ட ஆசைப்பட்ட கட்டடங்களைப் பற்றிப் பேசுகிறான். தான் யார் என்பதை மக்கள் ஒருநாள் உணர்வார்கள் என்று நம்புவதாகச் சொல்கிறான். பிறகு துப்பாக்கிகளின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, வெட்டப்பட்ட காலின் ஓயாத உறுத்தல் நின்றுவிட்டதை உணர்ந்து, நின்றுவிட்டது என்கிறான். அவன் கலகத்தால் எத்தனையோ பேர் செத்தார்கள். அவன் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த வரியில் ஜூலியானியின் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்த யாரும் அவனை வில்லன் என்று ஒற்றைச் சொல்லில் அழைக்க மாட்டார்கள்.

டுவாலாவுக்கு அவ்வளவு இடம் கொடுக்கப்படவில்லை. தேடிவந்த பூமி அணுக்கதிரில் கருகிக் கிடப்பதைக் கண்டபின் வரும் அத்தியாயத்தில், 2009 ஜனவரியில் ஒளிபரப்பானது அது, அவள் லீயோடு ஒரு மாலையை மகிழ்ச்சியாகக் கழித்துவிட்டு வந்து, பாட்டை முணுமுணுத்தபடி, இந்த உணர்வை முடிந்தவரை வைத்திருக்க விரும்புகிறேன் என்கிறாள். அடுத்த நொடியில் தன் உயிரை முடித்துக்கொள்கிறாள். மெக்ளூர் முன்னறிவிப்பாக ஒரு நிழலைக்கூட முகத்தில் விழவிடவில்லை. அந்த மகிழ்ச்சி பொய்யில்லை என்பதே அந்தக் காட்சியின் கொடுமை. அப்போது எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. தொடர் இத்தோடு நின்றுவிடக்கூடும் என்ற அச்சத்தில்தான் அந்த அத்தியாயத்தைப் படமாக்கினார்கள். நடிகர்கள் எல்லாருடைய முகத்திலும் அது இருக்கிறது.

நெய்தல்:

தாழ்வாரம் அவர்களே, கேய்ட்டாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின் அந்த இரு அத்தியாயங்களையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஒரு வருத்தத்தையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். இரண்டாம் பருவத்தின் ‘பெகாசஸ்’ அத்தியாயத்தில் பெண்களின் மீதான வன்முறையைக் காட்டிய விதம் தேவைக்கு மிகுதி என்றே நினைக்கிறேன். ஆனால் அதே அத்தியாயத்தில், ஒரே உருவில் பல பேராக வரும் ‘ஆறாம் எண்’ சைலானாக நடித்த டிரிஷியா ஹெல்ஃபர் செய்ததைப் போற்றாமல் இருக்க முடியாது. விளம்பர அழகியாக இருந்தவர் என்பதால், சிவப்பு ஆடையில் அலங்காரத்துக்கு வருகிறார் என்றே தொடக்கத்தில் பலர் அவரை மதிப்பிட்டார்கள். பெகாசஸ் கப்பலின் சிறை அறையில், சித்திரவதைக்குப் பின் சங்கிலியோடு தரையில் கிடக்கும் ஜீனாவும் அவர்தான். பால்டாரின் மனக்கண்ணில் மட்டும் தோன்றி, தன் உருவமே அப்படிக் கிடப்பதைக் கண்டு பதறுபவரும் அவர்தான். ஒரே காட்சியில் ஒருவர் வெறித்த பார்வையோடு எதையும் உணராமல் கிடக்க, மற்றவர் அத்தனையையும் உணர்கிறார். ஒப்பனையால் பிரித்துக் காட்டியது கொஞ்சம். மூச்சு விடும் வேகத்தால் பிரித்துக் காட்டியது அதிகம். அட்மிரல் கெய்னாக வந்த மிஷேல் ஃபோர்ப்ஸ் குரலை உயர்த்தாமலேயே அந்தக் கப்பல் முழுவதையும் அச்சத்தில் வைத்திருந்ததும் இங்கே சேரும்.

மருதயாழ்:

விண்வழியின் தொடக்கக் கருத்துக்கு நேர் எதிரான ஒருவரை முன்வைக்கிறேன். எல்லாரும் கடமையைச் சுமந்துகொண்டு நடக்கும் கப்பலில், கடமை என்று எதையுமே ஏற்காத ஒரே மனிதர் கெய்யஸ் பால்டார். மனித இனத்தின் அழிவுக்குத் தன்னையறியாமல் கதவைத் திறந்துவிட்டவர். அதை மறைத்துப் பிழைப்பதே அவருடைய முழுநேர வேலை. ஜேம்ஸ் கேலிஸ் அந்தப் பாத்திரத்தை நடித்த விதம் ரசிகர்களை இரண்டாகப் பிரித்தது. முதல் பருவத்தில் அவருடைய பதற்றமும் தடுமாற்றமும் நகைச்சுவைக்கு மிக அருகில் இருந்தன. இவ்வளவு இறுக்கமான தொடருக்கு இது பொருந்தவில்லை என்று எழுதியவர்கள் உண்டு.

நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். பிறர் கண்ணுக்குத் தெரியாத ஆறாம் எண் பெண்ணுக்கு ஒரு பதிலையும், எதிரில் நிற்பவருக்கு இன்னொரு பதிலையும் ஒரே வாக்கியத்தில் அவர் சொல்லியாக வேண்டும். இது பெரும் உத்தித் திறன் கேட்கும் வேலை. கேலிஸ் அதை வித்தை காட்டுவதாக ஆக்காமல், எந்த நேரமும் அகப்பட்டுக்கொள்ளக் கூடிய திருடனின் மூச்சுத்திணறலாக ஆக்கினார். நமக்குச் சிரிப்பு வந்தது அவர் சிரிப்பூட்டியதால் அல்ல. குற்றவாளி தப்பிப்பதைப் பார்க்கும் பதற்றத்தில் வந்த சிரிப்பு அது.

மூன்றாம் பருவத்தில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பற்றிய அத்தியாயத்தில், சிறையிலிருக்கும் பால்டார், தான் ஏரிலான் என்ற விவசாயக் கோளில் பிறந்தவன் என்றும் அந்த ஊரின் பேச்சை மறைத்துக்கொள்ள எவ்வளவு பாடுபட்டான் என்றும் சொல்லி, அந்தப் பேச்சிலேயே சில வரிகள் பேசிக் காட்டுவார். மேல்தட்டு உச்சரிப்பு முழுவதும் கழன்று விழும். அன்று அது ஓர் அரசியல் தந்திரம்போலவே தோன்றியது. இறுதி அத்தியாயத்தில், புதிய பூமியில் எப்படி வாழ்வது என்று பேசும்போது, உனக்குத் தெரியுமா, எனக்கு விவசாயம் தெரியும் என்று சொல்லத் தொடங்கி, அந்த வாக்கியத்தை முடிக்க முடியாமல் அழுதுவிடுகிறார். தந்தையை வெறுத்து ஓடியது, வயலை வெறுத்து ஓடியது, உண்மையை விட்டு ஓடியது எல்லாம் அந்த ஓரிடத்தில் வந்து நிற்கின்றன. நான்கு பருவங்களாக ஒருவர் கட்டிவைத்த பொய்யை ஒரு வரியில் கழற்றிப்போட வேறு யாரால் முடிந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

பால்டாரின் வழக்கில் லீ சாட்சிக்கூண்டில் ஏறிப் பேசுவதையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். நாம் எத்தனை பேரை மன்னித்திருக்கிறோம் என்று அடுக்கிக்கொண்டே வந்து, ஒலிம்பிக் கேரியரைச் சுட்ட தன்னையும் அந்தப் பட்டியலில் சேர்க்கிறார் ஜேமி பேம்பர். வழக்கறிஞரின் வாதமாகத் தொடங்கிய பேச்சு அந்த இடத்தில் ஒப்புதல் வாக்குமூலமாக மாறுகிறது. பேம்பரைப் பற்றி ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. நேர்மையானவனை நடிப்பது எளிது என்று நினைத்துவிடுகிறார்கள் போலும்.

குன்றூரான்:

இத்தனை பேரைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறோம். இவர்களில் ஒருவருக்கும் இந்தத் தொடரில் நடித்ததற்காக எம்மி பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. ஒல்மோஸும் மெக்டானலும் ஏற்கெனவே ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள். புதிய முகங்கள் இல்லை. காட்சி விளைவுகளுக்கு விருது கொடுத்தார்கள். எழுத்துக்கும் இயக்கத்துக்கும் பரிந்துரை கொடுத்தார்கள். பீபடி விருது வந்தது. 2009 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் அவையிலேயே இந்தத் தொடரை முன்வைத்து மனித உரிமையையும் போரையும் பற்றி விவாதம் நடந்தது. ஒல்மோஸும் மெக்டானலும் மேடையில் இருந்தார்கள். விண்கலமும் இயந்திர மனிதர்களும் வந்துவிட்டால் அதில் நடிப்பு இருக்காது என்ற எண்ணம் விருதுக் குழுக்களில் எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

விண்வழி:

நண்பரின் கோபம் நியாயமானது. ரசிகர்கள் மறக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஹோகன் 2020இல் கீழே விழுந்து தலையில் கடுமையாக அடிபட்டபின், அவருடைய சிகிச்சைக்காக நிதி திரட்டப்பட்டபோது, தொடர் முடிந்து பத்தாண்டுகளுக்கு மேலாகியும் உலகின் பல மூலைகளிலிருந்து ரசிகர்கள் உதவினார்கள்.

எனக்கு எஞ்சியிருக்கும் ஒரு கேள்வி இறுதி அத்தியாயத்தைப் பற்றியது. கதையைத் தெய்வத்தின் கையில் ஒப்படைத்துவிட்டார்கள் என்ற குறை எனக்கு இருக்கிறது. ஆனால் ரோஸ்லினின் மரணத்தை ஒல்மோஸ் அமைதியாக நடித்திருக்கிறார். சிறு விண்கலத்தில் அவளை அழைத்துச் சென்று, கீழே ஓடும் விலங்குக் கூட்டங்களைக் காட்டி, வீடு எங்கே கட்டலாம் என்று பேசிக்கொண்டே போகிறார். அவள் இறந்துவிட்டதை உணர்ந்ததும் குரல் தடுமாறுகிறது. தன் மோதிரத்தைக் கழற்றி அவள் விரலில் போடுகிறார். கலத்தைத் தொடர்ந்து ஓட்டுகிறார். கண்ணாடியை உடைத்தவர் இங்கே எதையும் உடைக்கவில்லை. இது என் கட்சிக்குத்தானே வலுச் சேர்க்கிறது, குன்றூரான்?

குன்றூரான்:

சேர்க்கவில்லை என்பதே என் பதில். அந்தக் காட்சியில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது, இந்த மனிதர் உடையக்கூடியவர் என்பதை முன்பே என் கண்ணால் பார்த்திருந்ததால்தான். கப்பல் மாதிரியை நொறுக்கியவர், கண்ணாடியைக் குத்தியவர், டுவாலா இறந்த இரவில் குடித்துவிட்டு, தன்னைச் சுட்டுவிடும்படி டையைத் தூண்டியவர் அவர். அப்படிப்பட்டவரின் கை விண்கலத்தின் பிடியில் இருக்கும்போது என்ன செய்வாரோ என்ற அச்சம் எனக்கு இருந்தது. அவர் நேராக ஓட்டிச் சென்றார். தொடக்கம் முதல் அடங்கியே இருந்த ஒருவர் இதைச் செய்திருந்தால், வழக்கம்போல் அடங்கியிருக்கிறார் என்று கடந்து போயிருப்பேன். ஆகவே கண்ணாடிக் காட்சியை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. நீங்கள் அதை மறுபடி ஒருமுறை, லீ உள்ளே வரும் இடத்திலிருந்து, ஒல்மோஸை விட்டுவிட்டு ஜேமி பேம்பரின் முகத்தை மட்டும் கவனித்துப் பாருங்கள். பிறகு தொடர்ந்து வாதிடலாம்.